மூக்கு மட்டும் கறுப்பில்லை

நாய்களுக்கும் சாமுத்திரிகா லட்சணம் உண்டு என்று எனக்குச் சொன்னவன் என் தம்பி. அவன் கப்பலில் வேலை செய்தவன். கொழும்புத் துறைமுகத்தில் அவனுடைய கப்பல் நின்ற சமயம், தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு துரை, கூடவே கொண்டுபோக மனமில்லாத புல்டோக் நாயொன்றை அவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. துரைமார் கதிரை, அலுமாரி, பியானோ என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். மற்றவர்களுக்கு அலுமாரி கிடைத்தது. எங்களுக்கு வாய்த்தது நாய்.

தம்பி அதை ரயிலில் ஏற்றித் தலைமன்னாருக்குக் கொண்டுவந்தான். எங்கள் வீடு அங்கிருந்து கிட்ட, கடற்கரையோடு ஒட்டிய பனங்காணிக்குள் இருந்தது. அப்பா முன்னரே காலமாகிவிட்டார். அம்மாவும் நானும்தான். நான் அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாய்க்குத் துரை வைத்த ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. அது அம்மாவின் வாய்க்குள் நுழையவில்லை. ஆகவே கடைசிவரை அது எங்களுக்கு வெறும் நாய்தான்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏன் பிள்ளை, இதுக்கு முகத்திலை என்ன நடந்தது?" கப்பற் படியில் விழுந்து முகம் நசிந்துவிட்டது என்றார் ஒருவர். பெற்ற தாய் மிதித்துவிட்டது என்றார் இன்னொருவர். தம்பிக்குக் கோபம் வரும். வந்தவரைக் கதிரையில் இருத்தி, நாயை நடுவில் நிறுத்தி, பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவனைப்போல நின்றுகொண்டு ஒப்புவிப்பான்.

தலை பெரிதாக, சதுரமாக இருக்க வேண்டும். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னுக்கு வந்து மேல்நோக்கி வளைய வேண்டும். மூக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்வாங்கி இருக்க வேண்டும். காது சிறிதாக, மெல்லியதாக, பின்னால் மடிந்து உட்புறம் கொஞ்சம் தெரிய வேண்டும். மார்பு அகன்று, இடுப்பு ஒடுங்கி, முதுகு பின்பக்கம் சற்று உயர வேண்டும். வால் குட்டை. நடை ஆடி ஆடி, பின்கால் நிலத்தை உரசிக்கொண்டு வருவதாக இருக்க வேண்டும். சீமையில் இதற்கென்று சபை இருக்கிறதாம், நடுவர்மார் இருக்கிறார்களாம், ஒவ்வொரு அங்கத்துக்கும் புள்ளி போடுவார்களாம். பெண் பார்க்க வருகிறவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் வரும்.

"ஆனா அக்கா, குணந்தான் முக்கியம்," என்பான். "பாக்கிறவன் பயப்பட வேணும். அது ஒருத்தரையும் கடிக்கப்படாது. ஆருக்கும் பயப்படவும்படாது. ஆர் வந்தாலும் நேரை முகத்தைப் பாக்கும். பாக்காட்டி அது புல்டோக்கே இல்லை."

அது உண்மைதான். ஊரைச் சுற்றித் திரிகிற கழுதைகள் வேலியை முறித்துக்கொண்டு வளவுக்குள் வந்தால் எங்கள் நாய் குரைக்காது. ஆடி ஆடிப் போய் முன்னால் நின்று கழுதையின் முகத்தை அண்ணாந்து பார்க்கும். கழுதைதான் வெட்கப்பட்டுத் திரும்பிப் போகும்.

எல்லாம் இருந்தும் ஒரு குறை இருந்தது. மூக்கு கறுப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. ஈரல் நிறத்தில் இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த நாயைத் தள்ளிவிடுவார்கள். எங்கள் நாயின் மூக்கு ஈரல் நிறம். துரை அதை விட்டுவிட்டுப் போனதற்குக் காரணமே அதுதான். தம்பியால் இதைத் தாங்க முடியவில்லை. அம்மா தேங்காய்ச் சிரட்டையை எரித்து, அந்தக் கரியை அரைத்து, தேங்காயெண்ணெயில் குழைத்து ஒரு சின்னத் தகர டப்பாவில் வைத்துக் கொடுப்பாள். வாசல் படலையில் ஆள் அரவம் கேட்டதும் தம்பி ஓடிப்போய் நாயின் மூக்கில் பூசிவிடுவான். வந்தவர்கள் போவதற்குள் நாய் பாதியை நக்கிவிடும். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும்.

அந்த நாயிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. வால் என்று சொல்ல ஒரு முளைதான் இருந்ததால் அதை ஆட்ட முடியாது. சந்தோஷம் வந்தால் பின்பக்கம் முழுவதையும் ஆட்டும், ஆட்டத்தில் சில வேளை விழுந்தும் போகும். அந்த ஆட்டம் தம்பிக்கு மட்டுந்தான். சோறு போட்டது நான், வெயில் காலத்தில் சாக்கை நனைத்துப் போட்டது நான். எனக்குக் கிடைத்தது ஒரு செருமல்.

தம்பி மறுபடியும் கப்பலேறினான். முதலில் கடிதங்கள் வந்தன, பிறகு நின்றுபோயின. கொழும்பில் கேட்டதற்கு அவன் வேறு கொம்பனிக் கப்பலுக்கு மாறிவிட்டான் என்றார்கள், அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. வருடங்கள் போயின. அம்மாவின் இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. மன்னார் ஆசுபத்திரியில், பூ இன்னும் முத்தவில்லை, முத்தினால்தான் வெட்டலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் முகங்களைக் கையால் தடவிப் பார்க்கத் தொடங்கினாள். நாய் படலையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தது. அதன் மூச்சு வீடு முழுக்கக் கேட்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள் உள்ளே யாரோ ஆம்பிளை படுத்திருக்கிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள்.

எங்கள் ஊரில் கடலில் போய்த் திரும்பாதவனுக்கு ஒரு முறை உண்டு. அவனுடைய உடுப்புகளைச் சின்னப் பெட்டியில் வைத்து, கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை ஒப்புக்கொடுத்து, சேமக்காலையில் அடக்கம் செய்வார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அவன் கரைக்கும் கடலுக்கும் நடுவில் அலைந்துகொண்டிருப்பான் என்பது சனத்தின் நம்பிக்கை. பங்குச் சுவாமியும் வந்து மெதுவாகக் கேட்டார், சொந்தக்காரரும் கேட்டார்கள். அம்மா சம்மதிக்கவே இல்லை.

"உயிரோடை இருக்கிறவனுக்குக் குழி வெட்டுறதோ?" என்றாள்.

அவள் உண்மையில் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. எனக்கு நம்பிக்கை பாதி, எரிச்சல் பாதி. இருக்கிறானா, இல்லையா என்று ஒரு முடிவு தெரிந்தால் போதும் என்றிருந்தது.

முடிவு வந்தது ஓர் உச்சிப்பொழுதில். பேய்க்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் நேரம் என்பார்கள். வெள்ளை மணலில் வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. காற்று நின்றுவிட்டிருந்தது, பனையோலைகூடச் சத்தம் போடவில்லை. நாயின் மூச்சு திடீரென்று நின்றது. நான் குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நாய் எழுந்து நின்றுகொண்டிருந்தது. படலைக்கு வெளியே தாடி வைத்த, மெலிந்த மனிதர் ஒருவர் நின்றார். அவர் தோளில் தொங்கியது தம்பியின் கன்வஸ் பை. அதன் கிழிசலை நீல நூலால் தைத்துக் கொடுத்தவள் நான்.

அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து முற்றத்துக்குப் போய்விட்டாள். நேரே போய் அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "வந்திட்டியா தம்பி," என்றாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டார்.

நாய் ஆடி ஆடிப் படலையை நோக்கிப் போனது. போய் அந்த மனிதரின் காலை முகரவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. யார் வந்தாலும் நேரே முகத்தைப் பார்க்கிற நாய், அவரைக் கடந்து போய், அவருடைய இடது தோளுக்குப் பின்னால் ஒன்றுமில்லாத மணலில் நின்று, அண்ணாந்து பார்த்து, பின்பக்கம் முழுவதையும் ஆட்டியது. ஆட்டத்தில் விழுந்து எழும்பி மறுபடியும் ஆட்டியது. வருடக்கணக்கில் நான் காணாத ஆட்டம்.

"நாய் என்ன செய்யுது?" என்று அம்மா கேட்டாள்.

"ஆட்டுது அம்மா," என்றேன். அது பொய்யில்லை.

தம்பி சின்ன வயதிலேயே கப்பலுக்குப் போனவன். இடையில் சில தடவைதான் வந்தான், ஒவ்வொரு தடவையும் வேறொரு ஆளாக வந்தான், கடைசியாக வந்தபோது தாடியோடு வந்தான். ஆகவே என்னால் சட்டென்று ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நான் அந்தச் சீமை நடுவர்மாரைப்போல அங்கம் அங்கமாகப் புள்ளி போடத் தொடங்கினேன். உயரம் சரி. தோள் அகலம் ஏறக்குறையச் சரி. காது சரி. நடையில் ஒரு கப்பல்காரத் தள்ளாட்டம், அது எல்லாக் கப்பல்காரருக்கும் உள்ளது. தம்பிக்கு நாடியின் கீழ் ஒரு தழும்பு இருந்தது, சின்ன வயதில் தோணி விளிம்பில் விழுந்தது. தாடி மழித்தால் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். அவர் தாடியை மழிக்கவில்லை. 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று தெரியாமல், இரண்டும் வராத மாதிரிப் பேசிப் பழகினேன். குணத்துக்குப் புள்ளி போடப் போனால் இன்னும் சிக்கல். என் தம்பி வாயாடி. இவரோ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவார், அம்மாவுக்கு மீன் முள் எடுத்துக் கொடுப்பார், செபமாலை சொல்லும்போது பக்கத்தில் முழங்காலில் இருப்பார். என் தம்பியைவிட நல்ல பிள்ளை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

யன்னலோரத்தில் தம்பியின் கதிரை இருந்தது. வந்தவர் அதில் ஒருநாளும் இருக்கவில்லை, சுவரோர வாங்குப் பலகையில்தான் இருப்பார். படலையைப் பார்த்தே கிடந்த நாய் இப்போது படலையை மறந்துவிட்டது. அந்தக் கதிரைக்கு முன்னால் போய்ப் படுத்தது. படுத்தபடி கதிரையை அல்ல, அதற்கு மேலே, ஒரு ஆள் இருந்தால் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடைக்கிடை அதன் கண் மெதுவாக யன்னல் பக்கம் நகரும், பிறகு திரும்பி வரும். யாரோ யன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுத் திரும்புவதை அது பார்க்கிறது என்றுதான் தோன்றும். நாய் பார்க்கிற இடத்தை நாமும் பார்க்காமல் இருக்க ஏலாது. பட்டப்பகலில், முற்றத்தில் கருவாடு காய்கிற வெயிலில், நான் அந்தக் கதிரைக்கும் நாய்க்கும் நடுவில் நடப்பதை விட்டுவிட்டேன். தண்ணீர்ப்பானைக்குப் போவதென்றால் சுற்றித்தான் போனேன்.

அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்: "அது எங்கை பாக்குது?"

"கதிரையை அம்மா."

"கதிரையிலை ஆர்?"

"ஒருத்தருமில்லை."

அம்மா அரிசியைப் புடைக்கத் தொடங்குவாள்.

ஒரு நாள் கிணற்றடியில் நாயைக் குளிப்பாட்டினோம். அவர் தண்ணீர் அள்ளி ஊற்ற, நான் முகத்து மடிப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், மடிப்புக்குள் மண் நின்றால் புண் வந்துவிடும். அம்மா குசினி வாசலில் இருந்தாள். அவர் குனிந்து நாயின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் அவர் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"அக்கா, இதின்ரை மூக்கு நல்ல கறுப்பெல்லோ?" என்றார். "ஏன் இப்பிடி ஆயிட்டுது? வருத்தமோ?"

என் கை நின்றது. அந்த நிமிடத்தில் என் தம்பி செத்துப்போனான். எங்கள் ஊருக்கு வெளியே அந்த மூக்கு கறுப்பென்று நம்பக்கூடியவர்கள் அவன் சொல்லிக் கேட்டவர்கள் மட்டுந்தான். இந்த மனிதர் அவனிடம் கேட்டிருக்கிறார். நடுக்கடலில், ஏதோ ஒரு கப்பலில், நாயைக் கண்ணால் காணப்போகாத ஒருவரிடமும் அவன் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருக்கிறான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கண் தெரியாதே தவிர அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் எழும்பினாள்.

"ஓம் தம்பி, கறுப்புத்தான். வெயிலுக்கு வெளிறிப்போச்சு," என்றாள். "நில், வாறன்."

குசினிக்குள் போய்ப் பரணைத் தடவி அந்தத் தகர டப்பாவை எடுத்தாள். கரி காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. அதில் எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்து, நாயின் தலையைத் தடவி மூக்கைக் கண்டுபிடித்து, விரலால் பூசினாள். நாய் அசையாமல் நின்றது. "இப்ப கறுப்போ?" என்று என்னிடம் கேட்டாள். "கறுப்பு அம்மா," என்றேன்.

பின்னேரம் கடற்கரையில் அவரைப் பிடித்தேன். தோணிகள் எல்லாம் ஏற்றிக் கிடந்தன, பக்கத்தில் ஒருவரும் இல்லை. முதல் முறையாக 'நீங்கள்' என்றேன்.

"நீங்கள் ஆர்? அவன் எப்பிடிச் செத்தவன்?"

அவர் மறுக்கவில்லை. மணலில் குந்திவிட்டார். ஒரே கப்பலில், ஒரே அறையில், மேல் கட்டில் அவருக்கு, கீழ்க் கட்டில் தம்பிக்கு. காய்ச்சல் வந்து கரை காணுமுன்னே போய்விட்டான். கடலில்தான் இறக்கினார்கள். பையைக் கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்துச் செய்தி சொல்லு என்று கேட்டுக்கொண்டானாம்.

"சொல்லத்தான் வந்தனான் அக்கா. உங்கடை அம்மா முகத்தைப் பிடிச்சிட்டா. எனக்கு விபரம் தெரிஞ்ச நாள் தொட்டுத் தாய் இல்லை. வாய் வரேல்லை."

நான் திட்டுவதற்கு வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு நானும் பக்கத்தில் குந்தினேன்.

"இரவும் பகலும் நாய்க் கதைதான்," என்றார். "தாடை இப்பிடி, காது இப்பிடி, மூக்குக் கரிக்கட்டி மாதிரி. அது ஆருக்கும் பயப்படாது, ஆர் வந்தாலும் நேரை முகத்தைப் பாக்கும், நீ பயப்படாமல் போ எண்டவர்." இடது தோளைக் கையால் தடவினார். "ஆனா அது என்னைப் பாக்கேல்லை அக்கா. இடது தோளுக்குப் பின்னாலை பாத்தது. நான் திரும்பிப் பாக்கேல்லை. இண்டைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பினதில்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த நாளிலிருந்து யார் கூப்பிட்டாலும் அவர் வலப்பக்கமாகத்தான் திரும்புவார், இடப்பக்கத்தில் நின்று கூப்பிட்டால் முழுச் சுற்றுச் சுற்றித் திரும்புவார். நான் அதைக் கழுத்து நோவு என்று நினைத்திருந்தேன்.

கப்பலுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்தக் கிழமை முடிவதற்குள் அவர் புறப்பட்டார். அம்மா அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். "கவனமாப் போ தம்பி, நேரத்துக்குச் சாப்பிடு," என்றாள். நான் படலைவரை போனேன். அவர் போகும்போது தோளை ஒருமுறை குலுக்கிப் பார்த்ததையும், பிறகு மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் திரும்பிப் பார்த்ததையும் கண்டேன். அங்கே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நடந்தார்.

நாய் வழியனுப்ப வரவில்லை. உள்ளே வந்து பார்த்தேன். கதிரைக்கு முன்னால் படுத்து, அந்த முக உயரத்தைப் பார்த்து, பின்பக்கத்தை இலேசாக ஆட்டிக்கொண்டிருந்தது.

"அது எங்கை பாக்குது?" என்று அம்மா கேட்டாள்.

"கதிரையைத்தான் அம்மா."

அம்மா தலையாட்டினாள். "அவர் போகட்டும். பாவம், நல்ல பிள்ளை. எங்கடை பிள்ளை இஞ்சைதானே இருக்கிறான்."

'அவர்' என்றாள். அத்தனை நாளும் அவள் அந்த மனிதரை அப்படிச் சொன்னதில்லை. அவளே தொடர்ந்து சொன்னாள்: "சுவாமியிட்டைப் போய்ச் சொல்லு. பெட்டி செய்விக்க வேணும். எவ்வளவு நாளைக்கெண்டு அவன் கதிரையிலையே இருக்கிறது?"

அவர் விட்டுப்போன தம்பியின் பையிலிருந்த உடுப்புகளைப் பெட்டிக்குள் அம்மா தடவித் தடவி மடித்து வைத்தாள். மூடுவதற்கு முன் நான் அந்தத் தகர டப்பாவையும் உள்ளே வைத்தேன். எங்கே போனாலும் அந்தப் பொய்யை விடமாட்டான், கரியாவது கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். பூசைக்காகப் பெட்டியைத் தூக்கினார்கள். நாய் எழும்பியது. கதிரையிலிருந்து யாரோ எழும்புவதைப் பார்ப்பதுபோல அதன் தலை உயர்ந்தது. பிறகு பெட்டிக்குப் பின்னால், கொஞ்சம் இடம் விட்டு, சுடுமணலில் இரைத்து இரைத்து நடந்தது. அந்த இனத்து நாய்க்கு வெயில் ஆகாது. துரத்திப் பார்த்தார்கள், போகவில்லை. கோயில் வாசலில் காத்துக் கிடந்து, சேமக்காலைவரை வந்தது. மண் போடும்வரை பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு நின்றது. பிடி மண்கள் விழுந்து முடிந்ததும் ஆட்டம் நின்றது. அங்குமிங்கும் பார்த்தது. அதன் பிறகு முதல் ஆளாக வீட்டுக்குத் திரும்பியதும் அதுதான்.

நாங்கள் வந்தபோது அது தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில், ஈரச்சாக்கில், கதிரைக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. மூச்சு வீடு முழுக்கக் கேட்டது. அம்மா வாசலிலேயே நின்றாள்.

"அது எங்கை பாக்குது?"

"ஒரு இடமும் பாக்கேல்லை அம்மா. நித்திரை கொள்ளுது."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு யன்னலடிக்குப் போனாள். கதிரையின் கையைத் தடவினாள், சாய்மானத்தைத் தடவினாள், இருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அதில் இருந்துகொண்டு, அந்த வருடங்களிலெல்லாம் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.